சேலம் பசுமை நகரமாக யார் காசு? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் மாநகராட்சிக்குள் வீட்டு வரி கட்டுகிறவர்களுக்கும், ஏற்காட்டில் தோட்டமோ கடையோ விடுதியோ வைத்திருப்பவர்களுக்கும் எழுதியது இது. ஏரி தூர்வாருவது, பாதாளச் சாக்கடை, குப்பையைத் தரம் பிரிப்பது, சோலார் என்று எந்தப் பேச்சை எடுத்தாலும் அடுத்து வருவது "அதுக்குக் காசு எங்கே?" என்பதுதான். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் காசைப் பற்றியவை.

பசுமை நகரம் என்றால் மரம் நடுவதுதானே? அதற்கு இவ்வளவு கணக்கு வழக்கு எதற்கு?

மரம் நடுவதுதான் இதில் மலிவான வேலை. அதிகச் செலவு பிடிப்பவை கண்ணில் படாதவை: மண்ணுக்குள் போகும் சாக்கடைக் குழாய், கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம், குடிநீரை ஏற்றும் மோட்டார், நகரத்துக்கு வெளியே குவியும் குப்பை.

நம் குடிநீரையே பாருங்கள். மேட்டூர் அணை நிரம்பி வழியும்போது அதன் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 790 அடி. சேலம் நகரம் இருப்பது ஏறக்குறைய 900 அடியில். நம் தண்ணீரை எடுப்பது அணைக்குக் கீழே, தொட்டில்பட்டிப் பக்கம். அங்கிருந்து மேட்டை நோக்கி ஏற்றித்தான் அது அம்மாப்பேட்டைக்கும் அஸ்தம்பட்டிக்கும் வருகிறது. ஒவ்வொரு குடத்துக்குப் பின்னாலும் ஒரு மின்கட்டணம் இருக்கிறது. தெருவில் குழாய் உடைந்து தண்ணீர் ஓடினால் மேட்டூரிலிருந்து ஏற்றிய மின்சாரமும் சேர்ந்துதான் ஓடுகிறது. அதனால், கசிவை அடைப்பதைவிட லாபமான பசுமைத் திட்டம் சேலத்தில் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து. அதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது என்பதால்தான் அது எப்போதும் பட்டியலின் கடைசியில் நிற்கிறது.

மாநகராட்சிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

சொந்த வருமானம் என்றால் சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், பேருந்து நிலையக் கடைகள், சந்தைகள் இவற்றின் வாடகை. நிலம் கைமாறும்போது முத்திரைத் தீர்வையோடு சேர்த்து வாங்கும் 2% கூடுதல் தீர்வையும் உள்ளாட்சிக்கு உரியது.

மாநிலத்திலிருந்து வருவது மாநில நிதி ஆணையத்தின் பங்கு. தமிழக அரசின் சொந்த வரி வருவாயில் சுமார் பத்தில் ஒரு பங்கு உள்ளாட்சிகளுக்குப் பிரிக்கப்படுகிறது. மத்தியிலிருந்து வருவது நிதிக்குழு மானியம்; மத்திய வரிப்பணத்தை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைக்கும் குழு அது. இவை போக அம்ருத் (நகரக் குடிநீர், சாக்கடைத் திட்டம்), தூய்மை இந்தியா என்று திட்டத்துக்குத் திட்டம் வரும் பணம்.

இதில் முதல் வகைப் பணத்தை மட்டும்தான் மாநகராட்சி தன் விருப்பப்படி, தன் அவசரத்துக்குச் செலவு செய்ய முடியும். மற்றவை பெரும்பாலும் எதற்கு என்று எழுதி ஒட்டியே வருகின்றன. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது விளம்பர வரியும் கையை விட்டுப் போனது. கேளிக்கை வரியை மட்டும் தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டு உள்ளாட்சிகளிடமே வைத்துக்கொண்டது.

கோவைக்கும் மதுரைக்கும் கிடைக்கிற மத்திய நிதி நமக்கு ஏன் கிடைப்பதில்லை?

சில நிதிகளுக்குப் பத்து லட்சம் மக்கள்தொகை என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை ஏறக்குறைய 8.3 லட்சம். சுற்றியுள்ள பகுதிகளையும் சேர்த்த நகரத் தொகுப்பு 9.17 லட்சம். கோட்டுக்குச் சற்றே கீழே நின்றுவிட்டோம்.

2005-ல் ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம் வந்தபோது தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை மூன்றும் பட்டியலில் இருந்தன. சேலம் இல்லை. 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை பெருநகரங்களுக்கென்று காற்றுத் தரம், தண்ணீர், துப்புரவு ஆகியவற்றுக்காக ரூ.38,196 கோடியைத் தனியாக ஒதுக்கியது. அதிலும் சென்னை, கோவை, மதுரை, திருச்சி உண்டு, சேலம் இல்லை. மேக்னசைட் (வெள்ளைக்கல்) சூளையும் உருக்காலையும் நாள் முழுக்க லாரி ஓட்டமும் உள்ள ஊருக்குக் காற்றைச் சுத்தப்படுத்தும் அந்த நிதியில் இடமில்லை, ஏனென்றால் 2011-ல் இன்னும் 83 ஆயிரம் பேர் இங்கே இல்லை. 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப்போனதால், பழைய எண்ணை வைத்தே இத்தனை வருடமும் ஓடிவிட்டது. 2027 கணக்கெடுப்பு நமக்கு வெறும் புள்ளிவிவரம் அல்ல. கணக்கெடுக்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள்.

பத்து லட்சத்துக்குக் குறைந்த நகரங்களுக்கும் அதே நிதிக்குழு மானியம் கொடுத்தது. அதில் 60% இன்னதற்குத்தான் என்று கட்டுப்பட்ட பணமாக இருந்தது: பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு, பாதி துப்புரவுக்கும் குப்பை மேலாண்மைக்கும். மீதி 40% உள்ளூர்த் தேவைக்கு.

ஸ்மார்ட் சிட்டி பணம் அவ்வளவு வந்ததே, அது என்ன ஆயிற்று?

2015-ல் தொடங்கிய திட்டத்தில் 2016 செப்டம்பரில் வந்த பட்டியலில் சேலம் இடம் பிடித்தது. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு ரூ.500 கோடி வரை கொடுக்கும், அதே அளவை மாநிலமும் மாநகராட்சியும் போட வேண்டும் என்பது ஏற்பாடு. இதற்கென்று சேலம் ஸ்மார்ட் சிட்டி லிமிடெட் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. 2023-ல் திறந்த ஈரடுக்குப் பழைய பேருந்து நிலையம் இந்தப் பணத்தில் எழுந்ததுதான். 2025 மார்ச் 31-உடன் திட்டமே முடிந்துவிட்டது.

இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியது இந்த இடம்தான். மானியம் கட்டடத்துக்கு உண்டு, கட்டடத்தைக் காப்பதற்கு இல்லை. சுத்திகரிப்பு நிலையம் கட்ட மத்திய அரசு பணம் தரும், உலக வங்கி கடன் தரும், மாநிலம் பங்கு போடும். அது ஓடத் தொடங்கிய பிறகு மாதா மாதம் வரும் மின்கட்டணம், ரசாயனம், மோட்டார் ரிப்பேர், ஆள் சம்பளம் இவற்றை யாரும் தர மாட்டார்கள். ஒப்பந்ததாரரின் பராமரிப்புக் காலம் சில வருடங்களில் முடியும். அதற்குப் பிறகு மாநகராட்சியின் சொந்த வருமானம்தான். அது போதாவிட்டால் மோட்டாரை அரை நாள் ஓட்டுவார்கள், பிறகு ரிப்பேர் என்று நிறுத்துவார்கள், சாக்கடை பழையபடி ஓடைக்குள் போகும். பணம் செலவான கணக்கு மட்டும் ஏட்டில் இருக்கும்.

இது சேலத்துக்கு மட்டும் உரிய குறை அல்ல, நாடு முழுக்க நகரங்கள் இப்படித்தான் தடுமாறுகின்றன. அதனால் எந்தப் பசுமைத் திட்டத்தை அறிவித்தாலும் "எத்தனை கோடி?" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "ஒப்பந்ததாரர் கிளம்பிப் போன மறுவருடம் இதற்கு எந்தத் தலைப்பிலிருந்து பணம்?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லாத திட்டத்தைச் சின்னதாக ஆக்குவது நல்லது. ஆடம்பரமாகக் கட்டிப் பூட்டி வைப்பதைவிட, பாதி அளவில் கட்டி முழு நேரமும் ஓட்டுவது ஊருக்கு நல்லது.

அதற்காக வீட்டு வரியை ஏற்ற வேண்டுமா? ஏற்கனவே ஏற்றிவிட்டார்களே!

ஏற்றியது உண்மை. 2018-ல் ஒருமுறை உயர்த்தி, எதிர்ப்பு வந்ததும் 2019-ல் நிறுத்தி வைத்தார்கள். 2022 ஏப்ரலில் மறுபடி உயர்த்தினார்கள். சேலம் போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25%, வீடு பெரிதாகப் பெரிதாக 100% வரை. பதினைந்தாவது நிதிக்குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வரி வசூலும் கூட வேண்டும், இல்லாவிட்டால் மானியம் கிடையாது என்று நிபந்தனை போட்டதும் இதற்கு ஒரு காரணம்.

நெடுங்காலம் ஏற்றாமல் விட்டுவிட்டு ஒரே நாளில் ஏற்றுவது குடும்பங்களை நசுக்குகிறது. வருடா வருடம் சிறிது சிறிதாகக் கூட்டுவதுதான் நியாயம். ஆனால் வரியே வேண்டாம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏழைக்கு அது நன்மை இல்லை. மாநகராட்சித் தண்ணீர் வராத தெருவில் லாரித் தண்ணீருக்கும் கேன் தண்ணீருக்கும் கொடுக்கும் காசைக் கூட்டிப் பாருங்கள், குறைந்த வீட்டு வரியின் உண்மையான விலை அதில் தெரியும். பெரிய கட்டடங்கள் குறைந்த சதுர அடியைக் காட்டி வரி கட்டுவதும், வணிக இடங்கள் வீட்டுக் கணக்கில் இருப்பதும்தான் முதலில் சரிசெய்ய வேண்டியவை. விகிதத்தை ஏற்றும் முன் அளவை ஒழுங்காக எடுக்க வேண்டும்.

மாநகராட்சி கடன் பத்திரம் வெளியிட முடியாதா?

முடியும். 1998-ல் அகமதாபாத் மாநகராட்சி அரசு உத்தரவாதம் இல்லாமல் ரூ.100 கோடிக்குப் பத்திரம் வெளியிட்டது. 2001-ல் மதுரை உள்வட்டச் சாலைக்காக ரூ.30 கோடி திரட்டியது. அடுத்து 2002-03-ல் தமிழ்நாடு செய்த காரியம் இன்னும் முக்கியமானது: தனித்தனியாகச் சந்தைக்குப் போக முடியாத சின்னச் சின்ன உள்ளாட்சிகளின் தேவையை ஒன்றாகக் கட்டி, குடிநீர், துப்புரவுக்கான கூட்டு நிதி என்று ஒரே பத்திரமாக வெளியிட்டார்கள். 2025-ல் சென்னை மாநகராட்சி மழைநீர் வடிகாலுக்காக ரூ.200 கோடி திரட்டியது.

பசுமைப் பத்திரம் என்றால், திரட்டும் பணம் சுற்றுச்சூழல் வேலைக்கு மட்டுமே போகும் என்று உறுதி கொடுத்து வாங்கும் கடன். 2021-ல் காசியாபாத் ரூ.150 கோடி திரட்டியது, கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்து ஆலைகளுக்கு விற்க. 2023-ல் இந்தூர் ரூ.244 கோடியைப் பொதுமக்களிடமிருந்தே திரட்டியது. இந்தூர் செய்ததை நாம் கவனித்துப் படிக்க வேண்டும். நர்மதைத் தண்ணீரை வெகு தூரத்திலிருந்து ஏற்றிக் கொண்டுவரும் நகரம் அது. ஏற்றுகிற மின்சாரத்துக்கே பெரும் பணம் போய்க்கொண்டிருந்தது. பத்திரப் பணத்தில் 60 மெகாவாட் சோலார் நிலையம் அமைத்து, மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்து கடனைத் திருப்புவது அவர்கள் கணக்கு. மேட்டூரிலிருந்து நீர் ஏற்றும் சேலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறு ஊரில் இல்லை.

ஒன்றை மறக்கக்கூடாது. பசுமை என்று பெயர் வைத்தாலும் கடன் கடன்தான், வட்டியோடு திரும்பக் கொடுக்க வேண்டும். தணிக்கை செய்த கணக்கு, கடனைத் திருப்பும் தகுதிக்கான மதிப்பீடு (கிரெடிட் ரேட்டிங்), வருடா வருடம் வரும் வருமானம் மூன்றும் இல்லாமல் யாரும் பணம் தர மாட்டார்கள். பூங்காவுக்கும் நடைபாதைக்கும் கடன் வாங்குவது சரியல்ல, ஏனென்றால் அவை பணம் ஈட்டுவதுமில்லை, மிச்சப்படுத்துவதுமில்லை. அவற்றை வரிப்பணத்தில்தான் செய்ய வேண்டும்.

திருமணிமுத்தாற்றைச் சுத்தப்படுத்தும் செலவை யார் ஏற்க வேண்டும்?

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பிறந்து, நகரத்துக்குள் புகுந்து, காவிரியில் சேர்கிற ஆறு. நம் வீட்டுச் சாக்கடையும் சாயப்பட்டறைத் தண்ணீரும் அதில்தான் கலந்தன. வீட்டுச் சாக்கடைக்குப் பொறுப்பு நாம் எல்லோரும், அதாவது வரியும் பாதாளச் சாக்கடைக் கட்டணமும். பாதாளச் சாக்கடை போட்ட தெருவில் இணைப்பு எடுக்காமல் விடுகிற ஒவ்வொரு வீடும் ஆற்றுக்குக் கடன்பட்டிருக்கிறது. சாயக்கழிவுக்குப் பொறுப்பு அதை உண்டாக்குகிறவர்கள். மாசுபடுத்துகிறவரே செலவை ஏற்க வேண்டும் என்பது நம் நீதிமன்றங்கள் ஏற்ற கொள்கை.

ஆனால் சிறு பட்டறைக்காரரால் அந்தச் செலவைத் தனியாகத் தாங்க முடியாது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்து நின்றார்கள். பிறகு மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு ரூ.200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்து மீட்டெடுத்தது. மூடுகிற அளவுக்குப் போகும் முன்பே அந்தக் கடனைக் கொடுத்திருந்தால் அங்கே ஓடும் நொய்யல் ஆறும் பிழைத்திருக்கும், தொழிலாளியும் ஊரை விட்டுப் போயிருக்க மாட்டார்.

சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கதை கொஞ்சம் வேறு. குச்சிக்கிழங்கு அரைத்த கழிவுநீரிலிருந்து சாண எரிவாயு போல எரிவாயு எடுக்க முடியும், அதை ஆலையிலேயே பயன்படுத்தலாம். அங்கே சுத்திகரிப்பு வெறும் செலவாக இல்லாமல் எரிபொருள் மிச்சமாகவும் ஆகிறது. இப்படித் தானே தன் செலவை ஈட்டும் இடத்தில் மானியம் தேவையில்லை, தொடக்கக் கடன் போதும். மானியத்தை வழியே இல்லாத சிறு பட்டறைக்கு ஒதுக்க வேண்டும்.

ஏரி சீரமைப்புக்குக் கோடிகள் தேவையா?

எல்லா இடத்திலும் இல்லை. கன்னங்குறிச்சி மூக்கனேரியை 2010-ஐ ஒட்டிய வருடங்களில் குடிமக்கள் அமைப்பினர் நன்கொடைப் பணத்தோடும் தன்னார்வலர் உழைப்போடும் மீட்டார்கள். தோண்டிய மண்ணை வெளியே ஏற்றிச் செல்லாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாக்கி மரம் நட்டது செலவைக் குறைத்தது, பறவைகளுக்கும் இடம் கொடுத்தது. பனமரத்துப்பட்டி ஏரி வேறு அளவு. மேட்டூர்த் தண்ணீர் வரும் முன் சேலத்துக்குக் குடிநீர் தந்த ஏரி அது. சீமைக்கருவேலம் மண்டிய அந்தப் பரப்பை நன்கொடையால் மீட்க முடியாது, அரசுப் பணம் வேண்டும். மலையிலிருந்து தானாக இறங்கி வருகிற நீரை ஊருக்குப் பக்கத்திலேயே தேக்கினால் மேட்டூரிலிருந்து ஏற்றும் தேவை அந்த அளவு குறையும் என்பதால், அந்தப் பணத்தை நான் வீண் என்று சொல்ல மாட்டேன்.

குப்பைக்குத் தனியாகக் கட்டணம் வாங்குவது நியாயமா?

2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே கட்டணம் வாங்கச் சொல்லிவிட்டன. வீட்டுக்குக் குறைவாகவும், கல்யாண மண்டபம், ஓட்டல், மருத்துவமனைக்கு அதிகமாகவும் இருப்பது சரி. ஆனால் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கிற வீட்டுக்கும், எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வீசுகிற வீட்டுக்கும் ஒரே கட்டணம் என்பதில் நியாயம் இல்லை. பிரித்துக் கொடுத்தால் செட்டிச்சாவடிக் குப்பைக் கிடங்குக்குப் போகும் லாரி நடை குறையும். அந்த மிச்சத்தில் ஒரு பங்கு பிரிக்கிறவருக்கும், கையால் பிரித்து உரமாக்கும் தூய்மைப் பணியாளருக்கும் போக வேண்டும். இந்தூரில் 2022-ல் தொடங்கிய எரிவாயு ஆலை ஈரக் குப்பைக்காக மாநகராட்சிக்குப் பணம் கட்டுகிறது. அங்கே அது நடக்கக் காரணம் இயந்திரம் அல்ல, வீட்டு வாசலிலேயே ஒழுங்காகப் பிரித்து வருகிற குப்பை.

ஏற்காட்டில் வார இறுதியில் நெரிசல், பிளாஸ்டிக், தண்ணீர்த் தட்டுப்பாடு. மலைக்குப் பணம் எப்படி வரும்?

இங்கேதான் கணக்கு மிகவும் கோணலாக இருக்கிறது. சேர்வராயன் காடு மழையைப் பிடித்துக் கீழே அனுப்புகிறது. திருமணிமுத்தாறு, மூக்கனேரி, ஊர்க் கிணறுகள் எல்லாம் அதை நம்பி இருக்கின்றன. பதினைந்தாவது நிதிக்குழு மாநிலங்களுக்கு வரியைப் பிரிக்கும்போது காட்டுப் பரப்புக்கு 10% மதிப்பு கொடுத்தது. ஆனால் அந்தப் பணம் மாநிலக் கருவூலத்துக்குத்தான் வரும். காட்டைக் காக்கிற மலைக் கிராமத்துக்கு அதிலிருந்து தனிப் பங்கு கிடையாது.

விடுதி அறை வாடகையிலும் அதே கதை. முன்பு இருந்த ஆடம்பர வரி 2017-ல் ஜி.எஸ்.டி.க்குள் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை ஏற்காட்டில் ஆயிரம் அறை நிரம்பினாலும், அன்று உருவாகும் குப்பையை அள்ள வேண்டிய மலை உள்ளாட்சிக்கு அந்த வரி நேராக வராது. அதற்கு வருவது விடுதியின் சொத்து வரியும் சில கட்டணங்களும்தான். உள்ளாட்சிக்கு மானியம் கணக்கிடும்போது அங்கே குடியிருப்பவர்களைத்தான் எண்ணுகிறார்கள், வந்து போகிறவர்களை அல்ல.

நீலகிரியில் உள்ளே வரும் வண்டிகளுக்குப் பசுமை வரி வாங்குகிறார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் உண்டு. ஏற்காட்டுக்கும் அடிவாரத்தில் வண்டிக் கட்டணம் வாங்கலாம் என்றே நினைக்கிறேன். இரண்டு நிபந்தனை மட்டும். மலையில் வாழ்கிறவர்கள், தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், அரசுப் பேருந்து மூன்றுக்கும் விலக்கு. வசூலாகும் பணம் தனிக் கணக்கில் இருந்து குப்பை, கழிப்பறை, ஏரி, குடிநீர் இவற்றுக்கு மட்டும் போக வேண்டும், எவ்வளவு வந்தது எவ்வளவு போனது என்று அடிவாரத்திலேயே பலகையில் எழுதி வைக்க வேண்டும். காரில் வருகிறவர் அதைப் படித்துவிட்டுக் கட்டணத்தை முகம் சுளிக்காமல் கொடுப்பார்.

வெள்ளைக்கல் சுரங்கத்தால் பாதித்த பகுதிகளுக்கு ஏதாவது உண்டா?

உண்டு. 2015-ல் சட்டம் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைத்தார்கள். பழைய குத்தகை என்றால் சுரங்கம் நடத்துகிறவர் கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் உரிமைத்தொகையில் (ராயல்டி) 30%, ஏலத்தில் எடுத்த புதிய குத்தகை என்றால் 10% இதில் சேர வேண்டும். குடிநீர், சுகாதாரம், சுற்றுச்சூழல், கல்வி ஆகியவற்றுக்கு முன்னுரிமை. சுரங்கத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள் இந்தப் பணத்தைப் பற்றி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

பெண்களுக்கு இலவசப் பேருந்து என்பது வீண் செலவா?

என் பார்வையில் இல்லை. 2021 மே முதல் நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள், போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடு செய்கிறது. ஒரு பேருந்து எத்தனை இரு சக்கர வண்டியை வீட்டிலேயே நிறுத்தி வைக்கிறது என்று ஐந்து ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு நின்று பாருங்கள். அந்த ஈட்டுத்தொகை காலதாமதம் இல்லாமல் போய்ச் சேர்வதும் பேருந்தின் எண்ணிக்கை கூடுவதும்தான் தேவை.

என் வீட்டு மாடியில் சோலார் போட்டால் லாபமா?

மின்கட்டணத்தைப் பொறுத்தது. 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் ஓடுகிற வீட்டுக்கு மின்சாரம் இங்கே இலவசம், அவர்களுக்குச் சோலாரால் மிச்சம் எதுவும் இல்லை. ஏசி ஓடும் வீடு, தையல் கூடம், கொலுசுப் பட்டறைக்காரர் வீடு என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மழைநீர்த் தொட்டியை மட்டும் கணக்குப் பார்க்காமல் சரிசெய்து வையுங்கள். 2003-ல் கட்டாயமாக்கியபோது கட்டியது பல வீடுகளில் மண் அடைந்து கிடக்கிறது.

இதையெல்லாம் எங்கே போய்க் கேட்பது?

2022-ல் வந்த விதிகளின்படி நகரங்களிலும் வார்டு குழு, பகுதி சபை உண்டு. கிராமசபை போலவே நவம்பர் 1 உள்ளாட்சி நாள் உள்ளிட்ட நாட்களில் கூடும். சேலத்தின் 60 வார்டுகளில் உங்கள் வார்டுக் கூட்டம் எங்கே என்று மாமன்ற உறுப்பினரிடம் விசாரியுங்கள். போகும்போது மூன்று விவரம் கேளுங்கள்: நம் வார்டில் சொத்து வரி நிலுவை எவ்வளவு, பாதாளச் சாக்கடை இணைப்பு எடுக்காத வீடுகள் எத்தனை, போன வருடம் முடிந்த வேலைகளின் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள். மாநகராட்சி பட்ஜெட்டின் பிரதியையும் கேட்டு வாங்கலாம், அது பொது ஆவணம்.

வரியைச் சீக்கிரம் கட்டினால் சலுகை உண்டா?

உண்டு. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5% ஊக்கத்தொகை, அதிகபட்சம் ரூ.5,000.